ஒரே ஃபைபர், மூன்று அறிக்கை: கதிர்வீச்சு இழப்பை அளந்த கதை

ஒரே ரீலில் இருந்து வெட்டிய ஒளியிழை, அதாவது ஃபைபர். மூன்று முறையும் கொடுத்த கதிர்வீச்சு டோஸ் 1 கிலோகிரே (பொருள் உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு கிரே). ஆனால் அதனால் ஃபைபரில் ஒளி எவ்வளவு இழந்தது என்பதற்கு மூன்று அறிக்கைகளில் இருந்த எண்களும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. முதல் அறிக்கைப்படி கேபிளைக் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். இரண்டாவதன்படி அந்தப் பக்கமே போகக் கூடாது. மூன்றாவது இரண்டுக்கும் நடுவில் எங்கோ நின்றது. வாடிக்கையாளரின் மெயிலில் ஒரே வரிதான்: "இதில் எது சரி, யார் பொறுப்பு?"

முதலில் பின்னணி. நவி மும்பையில் நாங்கள் ஒரு சின்னக் குழு. ஃபைபரையே வெப்பமானியாக வைத்து நீளமான குழாய்ப்பாதைகளுக்கும் கேபிள் சுரங்கங்களுக்கும் வெப்பநிலை அளக்கும் அமைப்புகளை நிறுவிக் கொடுப்பது தொழில். பாதிப் பேர் செம்பூர், மாட்டுங்கா பக்கத்துத் தமிழர்கள், அதனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் மொழியே மாறிவிடும். குழுவில் மூத்தவர் திருநெல்வேலிக்காரர், ஃபைபரோடு பல வருஷம் மல்லுக்கட்டியவர், எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. இந்த முறை வந்த வேலை வழக்கத்துக்கு மாறானது. கதிரியக்கப் பொருள் கையாளும் ஒரு இடத்தில், சுவரோரமாக ஓடும் குழாயின் வெப்பநிலையைப் பத்து வருஷத்துக்குக் கண்காணிக்க வேண்டும். அந்தப் பத்து வருஷத்தில் கேபிள் வாங்கப்போகும் மொத்த டோஸ் சுமார் 1 கிலோகிரே என்று அவர்களே கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பெயர், இடம் எதுவும் இங்கே வேண்டாம்.

இதில் பயன்படும் ஃபைபர் சிலிக்கா, அதாவது மிகத் தூய கண்ணாடி. ஒவ்வொரு சிலிக்கனையும் சுற்றி நான்கு ஆக்சிஜன் என்ற கட்டமைப்பு. காமா கதிர் உள்ளே புகுந்தால் எலக்ட்ரான்களை இடம்பெயர்த்துவிடும். அவற்றில் பெரும்பாலானவை உடனே பழைய இடத்துக்கே திரும்பிவிடும், சில மட்டும் கண்ணாடியில் ஏற்கெனவே இருக்கும் குறைகளிலோ, கலந்திருக்கும் வேறு அணுக்களிலோ போய் மாட்டிக்கொள்ளும். அப்படி மாட்டிய இடம் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை விழுங்க ஆரம்பிக்கும். நிற மையம் என்று சொல்வது இதைத்தான். ஒற்றை எலக்ட்ரானோடு தனித்து நிற்கும் சிலிக்கன் 215 நானோமீட்டர் பக்கம் விழுங்கும், பாலம் அறுந்த ஆக்சிஜன் 620 பக்கம். காமா கதிர்வீச்சு கொடுக்கும் பெட்டியான காமா சேம்பருக்குள் போய் வந்த சாதாரணக் கண்ணாடிக் குப்பி பழுப்பேறித் திரும்புவதும் இதனால்தான். கதிரியக்கப் பொருளைக் கையாளும் கவச அறைகளான ஹாட் செல்களின் தடித்த ஜன்னல் கண்ணாடியில் சீரியம் கலப்பது அந்தப் பழுப்பைத் தடுக்கத்தான். ஒரு சென்டிமீட்டர் கண்ணாடியில் கண்ணுக்கே தெரியாத பழுப்பு, நூறு மீட்டர் ஃபைபரில் ஒளியின் கழுத்தையே நெரித்துவிடும். எங்கள் தலைவலி அங்கேதான் தொடங்குகிறது.

கணக்கு சுலபம். ஒளி இழப்பை டெசிபல் என்ற அலகில் சொல்வோம். நூறு மீட்டர் சாம்பிளில் பாதி ஒளி போய்விட்டால் அது 3 டெசிபல், கிலோமீட்டருக்கு 30 டெசிபல். நல்ல ஃபைபரில் 1550 நானோமீட்டரில் இயல்பான இழப்பே கிலோமீட்டருக்குச் சுமார் 0.2தான் என்பதை நினைத்துக்கொண்டால் 30 எவ்வளவு பெரியது என்று புரியும்.

சரி, மூன்று அறிக்கைக்கு வருவோம்.

முதல் அறிக்கை, ஃபைபர் விற்றவர்கள் வேறெங்கோ செய்துவாங்கிக் கொடுத்தது. ரீலைக் காமா சேம்பருக்குள் வைத்து டோஸ் கொடுத்து, வெளியே எடுத்து, பார்சலில் போட்டு அனுப்பி, அங்கே மேசையில் வைத்து ஓடிடிஆர் (ஒளித் துடிப்பை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து இழப்பை அளக்கும் கருவி) போட்டுப் பார்த்திருக்கிறார்கள். எப்போது பார்த்தார்கள் என்று அறிக்கையில் இல்லை. தேதிகளை வைத்துப் பார்த்தால் குறைந்தது ஒரு நாள் கழிந்திருக்கிறது. ஜெர்மேனியம் கலந்த சாதாரண ஃபைபரில் மாட்டிக்கொண்ட எலக்ட்ரான்களுக்கு அறை வெப்பமே போதும், கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டுப் பழைய இடத்துக்குப் போகும். கதிர்வீச்சு நின்ற முதல் நிமிஷங்களில் இந்த மீட்சி வேகமாக இருக்கும், அப்புறம் தேயும். ஆக, இழப்பு உச்சத்தில் இருந்த நேரத்தில் ரீல் பார்சலுக்குள் இருந்தது, அளந்ததெல்லாம் வற்றிப்போன மிச்சம். எண் அழகாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

இரண்டாவது, வாடிக்கையாளர் தானாகச் செய்துவாங்கியது. இது ஒழுங்கான முறை. ஃபைபரின் இரண்டு முனையையும் சேம்பருக்கு வெளியே கொண்டுவந்து, கதிர்வீச்சு நடக்கும்போதே ஒளியைச் செலுத்தி அளந்திருக்கிறார்கள். ஆனால் டோஸ் வேகம் மணிக்கு 5 கிலோகிரே. அந்த வேகத்தில் 1 கிலோகிரே முடிய 12 நிமிஷம். நம் இடத்தில் அதே டோஸ் பத்து வருஷத்தில் சேர்கிறது, வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஏறத்தாழ 11 மில்லிகிரே. வித்தியாசம் நான்கு லட்சம் மடங்குக்கு மேல். பத்து வருஷத்தில் ஒருபக்கம் நிற மையங்கள் உருவாக, இன்னொரு பக்கம் மீட்சி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். 12 நிமிஷத்தில் அதற்கு நேரம் எங்கே? அதனால் இந்த எண் பயங்கரமாக இருந்தது.

மூன்றாவது, எங்கள் வற்புறுத்தலில் செய்தது. காமா சேம்பரை விட்டுவிட்டு, கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளைக் கதிர்வீச்சு மூலமாக வைத்த திறந்த அறையில், ஃபைபரை அந்த மூலத்தில் இருந்து தள்ளி வைத்தோம். தூரம் இரட்டித்தால் டோஸ் வேகம் நான்கில் ஒன்றாகும். அதனால் மணிக்குச் சில கிரே என்ற அளவுக்குக் கொண்டுவருவது சாத்தியம். விலை நேரம்தான். மணிக்கு 1 கிரே என்றால் 1 கிலோகிரேக்கு ஆயிரம் மணிநேரம், ஏறக்குறைய 42 நாள். நாங்கள் அதைவிடக் கொஞ்சம் வேகமாகப் போனோம். அப்படியும் வாரக்கணக்கில் அந்த அறையை யார் தருவார்கள், யார் காசு கொடுப்பார்கள் என்ற சண்டையே தனி. கடைசியில் வந்த இழப்பு நடுவில் நின்றது. நிஜத்தில் அதைவிடவும் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம், ஏனென்றால் நம் வேகம் இன்னமும் நிஜ வேகத்தைவிட நூறு மடங்குக்கு மேல்.

மூன்றும் பொய் சொல்லவில்லை. மூன்று வெவ்வேறு கேள்விக்கான விடைகள், அவ்வளவுதான். இதை மெயிலில் எழுதினால் நழுவுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள் என்பதால் அண்ணாச்சி நேரிலேயே போய் வெள்ளைப்பலகையில் வரைந்து காட்டினார்.

அளக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன், ஏனென்றால் குளறுபடி பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. காமா சேம்பர் என்பது, வாஷியில் இருக்கும் பிரிட் நிறுவனம் செய்து தரும் 5000 வகையை எடுத்துக்கொண்டால், ஈயக் கவசம் போர்த்திய டன் கணக்கான பெட்டி. ஆனால் உள்ளே சாம்பிள் வைக்கும் இடம் ஒரு ஐந்து லிட்டர் குக்கர் அளவுதான். கோபால்ட்-60 பென்சில்கள் அதைச் சுற்றி வளையமாக நிற்கும். ஃபைபரை அதற்குள் அடங்கும் சின்ன ஸ்பூலில் சுற்ற வேண்டும். சின்ன ஸ்பூல் என்றால் வளைவால் இழப்பு, அதிலும் நீண்ட அலைநீளத்தில் அதிகம். இறுக்கிச் சுற்றினால் இன்னும் மோசம். எனவே தளர்வாகச் சுற்றி, டோஸ் கொடுக்கும் முன்பே ஒரு ராத்திரி முழுக்க வெறும் ஒளியை மட்டும் ஓடவிட்டு, கோடு நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏசி நின்று அறை சூடாகும் நேரம் கோட்டில் அப்படியே தெரியும். மழைக்காலத்தில் கனெக்டர் முனையில் படியும் ஈரமும் தெரியும். இதற்காகத்தான் விளக்கில் இருந்து, ஒளியைப் பிரிக்கும் கப்ளர் வைத்து ஒரு கிளையைக் கதிர்வீச்சே படாத இன்னொரு ஃபைபருக்கு அனுப்புகிறோம். இரண்டையும் வகுத்தால் விளக்கின் ஏற்ற இறக்கம் கழிந்துவிடும். முனைகளில் கனெக்டர் வேண்டாம், உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைஸ் போடுங்கள் என்பது அண்ணாச்சியின் கட்டளை. "கனெக்டர்ல அரை டெசிபல் ஆடுச்சுன்னா எதை அளந்தோம்னு யாருக்குத் தெரியும் தம்பி?"

ஒளியின் அளவும் முக்கியம். ஃபைபருக்குள் போகும் ஒளியே மாட்டிய எலக்ட்ரான்களை விடுவிக்கும், நிறத்தை வெளுக்கும். பலமான லேசரைப் போட்டு அளந்தால் இழப்பு குறைவாக வரும், விற்பவருக்குச் சந்தோஷம். அதனால் சோதனையில் ஒளியை மைக்ரோவாட் அளவுக்கு இறக்கித்தான் அளக்க வேண்டும். இதற்கென்றே ஐஇசி 60793-1-54 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. பின்னணிக் கதிர்வீச்சுக்கு ஒரு முறை, அணு விபத்து போன்ற கடுமையான சூழலுக்கு ஒரு முறை என்று அதிலேயே பிரித்திருக்கிறார்கள். "தரநிலைப்படி சோதித்தது" என்று மொட்டையாக எழுதியிருந்தால் இரண்டில் எது என்று கேளுங்கள்.

டோஸையும் நம்பிவிடக் கூடாது. கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 வருஷம், அதாவது மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் தேய்கிறது. சேம்பரின் பக்கத்தில் ஒட்டிய தாளில் இருக்கும் டோஸ் வேகம் ஒரு வருஷம் பழையது என்றால் 12 சதவீதம் தப்பு. திறந்த அறையில் தேய்மானத்தோடு இன்னொரு சிக்கலும் உண்டு, ஸ்பூலின் மூலத்தைப் பார்த்த பக்கமும் பின்பக்கமும் ஒரே டோஸ் வாங்காது. ஃபிரிக் கரைசல் குப்பிகளை ஸ்பூலின் இடத்திலேயே நாலு பக்கமும் வைத்துப் பார்த்தோம். இரும்பு உப்புக் கரைசல்தான், கதிர்வீச்சு பட்டால் ஃபெரஸ் ஃபெரிக்காக மாறும், அதை 304 நானோமீட்டரில் அளந்தால் டோஸ் கிடைக்கும். இது 40 முதல் 400 கிரே வரைதான் நம்பத்தக்கது, மணிக்கு 5 கிலோகிரே சேம்பரில் ஐந்து நிமிஷத்துக்குள் எடுத்துவிட வேண்டும். பழைய முறை, கையைக் கட்டிப் போடும் முறை, ஆனாலும் எனக்கு இதன்மேல் இருக்கும் நம்பிக்கை வேறெதன்மேலும் இல்லை.

இவ்வளவும் பேசி முடித்த பிறகுதான் யாரும் கேட்காத கேள்வி ஒன்று கிளம்பியது. மூன்று அறிக்கையிலும் அளந்தது 1300 நானோமீட்டரில். எங்கள் கருவி 1300இல் எதையும் பார்ப்பதே இல்லை! அது 1550 நானோமீட்டர் துடிப்புகளை அனுப்பி, ஃபைபரின் ஒவ்வொரு புள்ளியில் இருந்தும் ராமன் சிதறலாக, அதாவது அலைநீளம் மாறித் திரும்பி வரும் இரண்டு ஒளிகளைப் பார்க்கிறது. சி.வி.ராமன் 1928இல் கண்ட அதே விளைவு. ஒன்று 1450 பக்கம், இன்னொன்று 1660 பக்கம். குட்டை அலைநீளத்து ஒளி வெப்பநிலைக்கு ஏற்ப நன்றாக ஏறி இறங்கும், நீண்டது அவ்வளவாக மாறாது, இரண்டின் விகிதம்தான் வெப்பநிலை.

அறை வெப்பத்தை ஒட்டி அந்த விகிதம் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.7 சதவீதம் மாறும். டெசிபலில் 0.03. இந்த எண்ணை நான் பலகையில் எழுதியதும் கூட்டத்தில் பேச்சு நின்றது. ஏனென்றால் கதிர்வீச்சால் 1450இல் ஏற்படும் இழப்பும் 1660இல் ஏற்படும் இழப்பும் ஒன்றாக இருக்கப்போவதில்லை. நூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டுக்கும் கிலோமீட்டருக்கு 3 டெசிபல் வித்தியாசம் வந்தால் போதும், 0.3 டெசிபல், கடைசி முனையில் பத்து டிகிரி தப்பு. ஜெர்மேனியம் ஃபைபரில் நிற மையங்களின் முக்கிய உறிஞ்சல் புற ஊதாவிலும் கண்ணுக்குத் தெரியும் பகுதியிலும் இருக்கிறது, அதன் வால்தான் அகச்சிவப்பு வரை நீள்கிறது. ஆக, குட்டை அலைநீளம் அதிகம் இழக்கும், விகிதம் இறங்கும், கருவி குழாய் குளிர்ந்திருப்பதாகச் சொல்லும். சிக்னல் செத்துவிட்டால் திரையில் பிழை என்று வரும், யாராவது ஓடி வருவார்கள். இது அப்படி இல்லை. குழாய் கொதிக்கும், கருவி சமர்த்தாகக் குறைத்துக் காட்டும், அலாரம் அடிக்காது. மொத்த இழப்பு எவ்வளவு என்று மாதக்கணக்கில் சண்டை போட்டது வீண் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்த வேலைக்குக் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு அலைநீள இழப்புகளின் வித்தியாசம்தான்.

அதனால் நாலாவது சோதனை. இந்த முறை ஒற்றை அலைநீளம் வேண்டாம் என்று ஹாலோஜன் விளக்கின் வெள்ளை ஒளியை விட்டு, மறுமுனையில் நிறமாலை முழுவதையும் பதிவு செய்தோம். கூடவே, மாற்று சப்ளையர் ஒருவர் கொடுத்திருந்த இரண்டாவது ரீலையும் சேர்த்தோம். அவருடைய டேட்டா ஷீட்டும் முதல் ரீலின் டேட்டா ஷீட்டும் வரிக்கு வரி ஒன்றுபோலத்தான் இருந்தன. 50/125 மல்டிமோட் (ஒளி பல பாதைகளில் ஓடும் வகை), அதே இழப்பு, அதே பட்டையகலம், விலை மட்டும் கொஞ்சம் குறைவு.

முதல் ரீல் எதிர்பார்த்தபடி நடந்துகொண்டது. குட்டை அலைநீளத்தில் உயர்ந்து நீண்ட பக்கம் சரியும் வளைவு, கதிர்வீச்சை நிறுத்தியதும் சரசரவென்று மீட்சி. இரண்டாவது ரீல் வேறு ஜாதி. 1300 வரை பெரிய வித்தியாசம் இல்லை, அதைத் தாண்டியதும் சரிய வேண்டிய வளைவு மேலே ஏறியது. 1600 பக்கம் ஒரு திமில். டோஸ் ஏற ஏற அதுவும் நேர்க்கோட்டில் ஏறியது. மூலத்தை மறைத்த பிறகு குறைய வேண்டுமே, குறையவில்லை. மறுநாள் பார்த்தால் ஒரு பொட்டு கூடியிருந்தது.

இளைய பையன் ஒருவன் கருவியில் கோளாறு என்று ஸ்பெக்ட்ரோமீட்டரைக் கழற்றப் போய்விட்டான். அண்ணாச்சி திரையை ஒரு தடவை பார்த்தார்.

"கழட்டாதே தம்பி. இதுல பாஸ்பரஸ் இருக்கு."

"டேட்டா ஷீட்ல அப்படி ஒண்ணும் போடலையே அண்ணாச்சி."

"எவன் போடுவான்?"

ஒளி ஓடும் நடுப்பகுதியான கோரில் ஒளிவிலகலை மையத்தில் இருந்து படிப்படியாகக் குறைத்துக்கொண்டுபோகும் மல்டிமோட் ஃபைபர்களில், தயாரிப்பு வசதிக்காக ஜெர்மேனியத்தோடு பாஸ்பரஸும் சேர்ப்பது உண்டு. தொலைத்தொடர்புக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை, அதனால் டேட்டா ஷீட்டில் வராது. ஆனால் கதிர்வீச்சு பட்டால் பாஸ்பரஸ் சார்ந்த நிற மையங்கள் பிறக்கும். அவற்றில் பி1 எனப்படுவது 1.6 மைக்ரோமீட்டரை ஒட்டி அகலமாக உறிஞ்சும், அறை வெப்பத்தில் கலையாது. கண்ணுக்குத் தெரியும் பகுதியில் உறிஞ்சும் வேறு பாஸ்பரஸ் மையங்கள் மெல்ல அழிய, இது மெல்லக் கூடுவதும் உண்டு. மறுநாள் கூடிய பொட்டு அதுதான். இந்த ரீலுக்கு டோஸ் வேகம், மீட்சி என்ற பேச்செல்லாம் பெரிதாகப் பொருந்தாது. பத்து வருஷத்தில் கொடுத்தாலும் 12 நிமிஷத்தில் கொடுத்தாலும் கிட்டத்தட்ட அதே இழப்பு, அதுவும் எங்கள் கருவி பார்க்கும் இடத்திலேயே. 1300இல் மட்டும் அளந்திருந்தால் இரண்டு ரீலும் ஒன்றுதான், விலை குறைவு என்று இதைத்தான் வாங்கியிருப்பார்கள்.

முடிவு என்ன ஆனது? இரண்டு ரீலையும் கதிர்வீச்சு அதிகமான பகுதிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கோரில் எதையும் கலக்காத தூய சிலிக்காவோ, அதில் ஃபுளோரினை மட்டும் கலந்த வகையோதான் கதிர்வீச்சுக்குத் தாக்குப்பிடிக்கும், விலை சாதாரண ஃபைபரைவிடப் பல மடங்கு. வாங்கும் பிரிவு அதிகாரி விலையைப் பார்த்துவிட்டு, "மூலத்துக்குப் பக்கத்துல ஓடுற தூரம் மட்டும் இதைப் போட்டா போதாதா?" என்றார். போதும், நியாயமான கேள்வி. மிச்சத்துக்குச் சாதாரண ஃபைபர், நடுவில் ஸ்ப்ளைஸ், ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக அளவீட்டுத் திருத்தம். மேலே இருக்கும் அக்ரிலேட் கோட்டிங் டோஸ் மிக அதிகமானால் நொறுங்கத் தொடங்கும் என்பதால், முன்ஜாக்கிரதையாக அந்தத் துண்டுக்கு மட்டும் பாலிஇமைடு கோட்டிங். கேபிளைச் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு முனையையும் கருவியிலேயே சேர்த்தோம். இரண்டு திசையில் இருந்தும் அளந்து சராசரி எடுத்தால் இரு அலைநீளங்களுக்கும் இடையிலான இழப்பு வித்தியாசம் கணக்கிலேயே கழிந்துவிடும். உண்மையில் ஃபைபரை மாற்றியதைவிட இந்த ஒரு மாற்றம்தான் எனக்குத் தூக்கம் தந்தது. சிக்னல் இருக்கும்வரை வெப்பநிலை ஏமாற்றாது.

டெண்டர் வாசகத்தையும் மாற்ற வைத்தோம். "1 கிலோகிரே தாங்க வேண்டும்" என்று ஒரே வரியாக இருந்ததை எடுத்துவிட்டு, 1450, 1660 இரண்டிலும் கதிர்வீச்சின்போதே அளக்க வேண்டும், டோஸ் வேகம், வெப்பநிலை, செலுத்திய ஒளி, டோஸிமெட்ரி (டோஸ் அளவீடு) செய்த தேதி எல்லாம் அறிக்கையில் இருக்க வேண்டும், நிறுத்தியபின் மீட்சி வளைவும் வேண்டும், கோரில் பாஸ்பரஸ் இல்லை என்று தயாரிப்பாளர் எழுதித் தர வேண்டும் என்று போட்டார்கள். கடைசி நிபந்தனைக்கு மட்டும் இரண்டு பேர் பதிலே சொல்லாமல் விலகிக்கொண்டார்கள்.

தள்ளிவைத்த அந்த பாஸ்பரஸ் ரீல் இப்போது ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் இதே குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள். துகள் முடுக்கிகளின் ஓரமாகப் பாஸ்பரஸ் ஃபைபரை ஓட்டி, ஒவ்வொரு மீட்டரிலும் இழப்பு எவ்வளவு கூடியது என்று பார்த்து எங்கே எவ்வளவு டோஸ் விழுந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட ஃபைபர் 1550 பக்கத்தில் ஒரு கிரேக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 4 டெசிபல் இழக்கும். நம் ரீலில் பாஸ்பரஸ் அவ்வளவு இல்லை, உணர்திறன் குறைவு, எங்கள் 1 கிலோகிரே வரம்புக்கு அதுவே வசதி. அந்தப் பத்து வருஷ டோஸ் கணக்கு காகிதத்தில் போட்டதுதானே, நிஜத்தில் எவ்வளவு விழுகிறது என்று யார் பார்க்கிறார்கள் என்று கேட்ட அண்ணாச்சி, இதில் சில மீட்டரை அதே கேபிள் பாதையில் கூடவே ஓட்டிவிடலாம் என்று வாடிக்கையாளருக்கு எழுதியிருக்கிறார். ஒரு ஃபைபர் கூடுதல், ஒரு பவர் மீட்டர் கூடுதல், செலவு சொற்பம். பதில் இன்னும் வரவில்லை.